சந்திரம்மா கேட்கச் சொன்னாள்

மல்லேசுவரம், பெங்களூர்
18-2-1953

அண்ணாவுக்கு ருக்கு செய்த நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கு? குளிருக்கு அந்தப் பழைய கம்பளியையே இன்னும் சுத்திண்டிருக்கியா?

இவருக்குத்தான் சௌக்கியமில்லை. பயப்படாதே. போன வெள்ளிக்கிழமை கச்சேரி வேலை முடிஞ்சு வந்து கொல்லைப்பக்கம் கால் அலம்பப் போனவரை ஒரு நாய்க்குட்டி வலது கையிலே கடிச்சுடுத்து. விரட்டியிருக்கார், அது ஓடாம எதிர்த்து வந்து பிடிச்சுண்டுடுத்து. சத்தம் கேட்டு நாலு பேர் கட்டையோட ஓடி வந்து அங்கேயே அடிச்சுக் கொன்னுட்டா. சின்னக் குட்டி, அண்ணா. பழுப்பு நிறம், முன்னங்கால் ஒண்ணு மாத்திரம் வெள்ளை. மோருஞ்சாதம்னா உசிரு அதுக்கு.

ரத்தம் சொட்டச் சொட்ட இவர் கத்தினது இன்னும் என் காதிலே இருக்கு. "எந்தப் பாவி இதுக்குச் சோறு போட்டு இங்கே பழக்கினது? யாருன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு" என்றார். அன்னிக்கு ராத்திரி சாப்பிடக்கூட இல்லை.

கார்ப்பரேஷன் டாக்டர் வந்து நாயோட தலையை நீலகிரி மலையிலே இருக்கிற நாய்க்கடி ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பிச் சோதிக்கணும்னார். எங்க அண்ணா அங்கேதான் வேலையா இருக்கார்னு சொன்னேன். ஐஸ் வெச்சு டின்னிலே அடைச்சு ரயிலேத்தியாச்சு. நீயே உன் கண்ணாலே பார்த்துச் சொல்லு.

ஆஸ்பத்திரியிலே வயத்திலே பதினாலு ஊசி போடணுங்கறா. அந்த மருந்தை ஆட்டு மூளையிலேருந்து பண்ணறான்னு யாரோ இவர் காதிலே போட்டுட்டா. மாட்டவே மாட்டேங்கறார். இவர் ஆசாரம் உனக்குத் தெரியாததா. நாய் மூளையைத் தொடற கை என்று உன்னையே ரேழியிலே இலை போட்டு உட்கார வெச்சவர் ஆச்சே. அதுக்கப்புறம் மூணு வருஷமா நீயும் இந்தப் பக்கம் வரலை. இருந்தாலும் நீ எழுதினா கேட்பார்னு தோணறது.

இன்னொண்ணு. கொல்லைக்கு அந்தண்டை குடியிருக்கிற சந்திரம்மா உன்கிட்டே ஒண்ணு கேட்கச் சொன்னாள். இவரைக் கடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அதே குட்டி அவள் மேலேயும் லேசாப் பல்லை வெச்சுடுத்தாம். பெரிசா ரத்தம் வரலையாம். அதெல்லாம் கணக்கிலே சேர்த்தியா?

வேளைக்குச் சாப்பிடு.
ருக்கு

*

அருவங்காடு, நீலகிரி
24-2-1953

சௌபாக்கியவதி ருக்குவுக்கு ஆசீர்வாதம். முழங்கால் இருக்கிற இடத்திலே இருக்கு, கம்பளியும் அதேதான். இங்கே மழையும் குரங்கும் போக மீதி எல்லாம் க்ஷேமம்.

உங்கள் டின் வந்தது. ஐஸ் ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் உருகியிருக்கும். திறந்ததும் ப்யூன் வெளியே போனவன் மத்தியானம்வரை திரும்பலை. முதலில் ஒன்று கேட்கிறேன், அந்தக் குட்டியை ஏன் அடித்துக் கொன்றார்கள்? கட்டிப்போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பத்து நாள் உயிரோடு இருந்தால் வெறி இல்லை, செத்துவிட்டால் வெறி. வருஷம் பூரா இதையே எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துபோச்சு. ஊர் ஜனங்களுக்குக் கட்டைதான் முதலில் கிடைக்கிறது.

மூளையில் ஆட்டுக் கொம்பு போல வளைந்த ஓர் இடம் உண்டு. அதில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில் ஒற்றிச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். நரம்புச் செல் நீலமாகத் தெரியும். வெறி இருந்தால் அந்தச் செல்லுக்குள்ளே மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் பொட்டுகள் இருக்கும், முத்துக்குள்ளே விதை தெரிகிற மாதிரி நடுவில் கறுப்பாகப் புள்ளியும் தெரியும். நெக்ரி என்ற இத்தாலிக்கார டாக்டர் முதலில் பார்த்ததால் அவர் பேரைச் சொல்லியே கூப்பிடுகிறோம். கிருமி நம் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது, அத்தனை சிறிசு. அது குடியேறின செல்லில் இந்தப் பொட்டுதான் தெரியும். பொட்டு கிருமிகளின் கூட்டமா, அடிபட்ட செல் தானே போட்டுக்கொண்ட தழும்பா என்று பெரியவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். இருந்தால் வெறி, அவ்வளவுதான் எனக்கு.

உங்கள் குட்டியின் மூளையில் நான் பார்த்தவரை பொட்டு இல்லை. அப்படித்தான் ரிப்போர்ட்டும் போகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மூளை பாதி அழுகிவிட்டது. தவிர, நோய் முற்றுவதற்குள்ளே கொன்றுவிட்டால் பொட்டு உண்டாக அவகாசமே இருக்காது. எலிகளுக்கு அந்த மூளையைக் கரைத்து ஊசி போட்டுப் பார்த்தோம், அழுகலிலேயே மறுநாள் செத்துப்போச்சு.

மாப்பிள்ளை இன்றைக்கே ஊசி ஆரம்பிக்க வேண்டும். ஆட்டு மூளையானாலும் அது மருந்து. பெருமாள் கேட்டால் என் பேரைச் சொல்லிவிடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

சந்திரம்மா என்றால், ரேழியில் என்னை உட்கார வைத்த அன்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாளே, அவள்தானே? தோல் கீறி எச்சில் பட்டிருந்தால் கணக்கில் சேர்த்திதான். அவளையும் போகச் சொல். எந்த இடத்தில் பட்டது?

ஆராவமுதன்

*

மல்லேசுவரம்
6-3-1953

அண்ணாவுக்கு நமஸ்காரம். உன் கடுதாசி கிடைச்சுது. நான் சௌக்கியம்.

நீ எழுதினதைப் படிச்சுட்டு இவர் ரெண்டு நாள் இழுத்தடிச்சார். மூணாம் நாள் தானே சட்டையை மாட்டிண்டு கிளம்பிட்டார். இப்போ தினம் காலமே ஊசி. வயிறு கல்லு மாதிரி வீங்கிப்போயிருக்கு, நான் தவிட்டு ஒத்தடம் குடுக்கறேன். ஒரு பக்கம் "ஒண்ணுமில்லைன்னு உங்கண்ணாவே எழுதியிருக்கான்" என்று முனகல், ஒரு பக்கம் ஒருநாள் விடாம போயிண்டிருக்கார். நல்லவேளை.

சந்திரம்மாவுக்கு இடது குதிகால்லே. மஞ்சள்பொடி அப்பிண்டாளாம், ஆறிடுத்து. நாய்கிட்டேயே பொட்டு இல்லைன்னா நான் எதுக்குப் போகணுங்கறாள். போனா ஆத்திலே காரணம் சொல்லணும், அது அவளாலே ஆகாது. நீ பார்த்தவரை இல்லைன்னா எத்தனை தூரம் இல்லை? அதைத் தெளிவாக் கேட்கச் சொன்னாள்.

ருக்கு

*

அருவங்காடு
12-3-1953

ருக்குவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம்.

எத்தனை தூரம் இல்லை என்றால் என்ன சொல்வது? ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் ஆள் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்குப் புரிகிற மாதிரி இதைச் சொல்.

குதிகால் தலையிலிருந்து தூரம். கிருமி நரம்போடு மெதுவாக ஏறிப் போகிறது, அதனால் நாள் எடுக்கும். சில பேருக்கு மாதங்கள். அந்த ஒரு கருணைதான் அதற்கு உண்டு. மூளைக்குப் போய்விட்டால் அப்புறம் உலகத்தில் எந்த டாக்டரும் இல்லை.

போன வாரம் கீழேயிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். சின்ன வயசு. கடிபட்டதை வீட்டில் சொல்லவே இல்லையாம். தண்ணி கேட்டான். டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இழுத்துக்கொண்டது, கையால் தட்டிவிட்டான். மறுபடியும் தண்ணி கேட்டான். இப்படியே ஒரு பகல். நான் டாக்டர் இல்லை, எனக்கு அங்கே நிற்க வேண்டிய வேலையும் இல்லை, ஆனாலும் நகர முடியலை. இருபது வருஷமாச்சு ருக்கு, எனக்கு இது அலுத்துவிட்டது.

சந்திரம்மா புருஷன் கோவிந்தப்பா என்ன அப்பேர்ப்பட்ட புலியா? உயிரைவிட அவனுக்குக் காரணம் சொல்வது பெரிசா? நீ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ.

ஆராவமுதன்

*

மல்லேசுவரம்
2-4-1953

அண்ணாவுக்கு நமஸ்காரம். பதில் போட நாளாயிடுத்து, கோச்சுக்காதே.

இவருக்கு ஊசியெல்லாம் முடிஞ்சு பழையபடி கச்சேரிக்குப் போறார். கை நன்னா ஆறிடுத்து. ராமநவமிக்குப் பானகம் கரைச்சேன். நானே மூணு டம்ளர் குடிச்சேன்னா பார்த்துக்கோ, இவர் கேலி பண்ணினார். இப்போல்லாம் கார்த்தாலே எழுந்ததும் வெறும் வயத்திலே ஒரு டம்ளர் பச்சைத்தண்ணி குடிக்கிறேன். உடம்புக்கு ரொம்ப நல்லதாம்.

சந்திரம்மா நன்னா இருக்காள். அவளைப் பத்தி நீ கவலைப்படாதே. அவள் பாடு அவளுக்கு.

நீ லீவு போட்டுண்டு இங்கே வரக்கூடாதா? இவர் இப்போ முன்னே மாதிரி இல்லை. ஹோட்டல் சாப்பாட்டைத் தின்னுண்டு எத்தனை நாள் ஓட்டுவே. எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கு, அண்ணா.

ருக்கு

*

அருவங்காடு
20-5-1953

ருக்குவுக்கு ஆசீர்வாதம். நான் க்ஷேமம். சீசன் கூட்டம் வந்துவிட்டது, ரோட்டில் நடக்க வழியில்லை. அதனால் லீவு கிடையாது.

ஒரு விஷயம். உங்கள் குட்டியின் மூளையில் ஒரு துண்டை மெழுகில் புதைத்து வைத்திருந்தேன். மெழுகில் இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. போன வாரம் வேலை குறைந்திருந்தது. எடுத்து மெல்லிசாகச் சீவி, வேறு சாயம் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வெறும் நீலம். எழுந்துவிடலாம் என்று கடைசிக் கண்ணாடியை வைத்தேன். ஒரு செல்லில் சிவப்பாக ஒரு பொட்டு, உள்ளே புள்ளியோடு. பக்கத்திலேயே இன்னும் இரண்டு. எங்கள் டாக்டர் நோயலைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை என்றார். உங்கள் ஆஸ்பத்திரிக்குத் திருத்தி எழுதியாகிவிட்டது.

ஆக அந்தக் குட்டிக்கு வெறி இருந்திருக்கிறது. மாப்பிள்ளை பட்ட அவஸ்தை வீண் போகலை. அவரிடம் சொல், முனகினதற்கெல்லாம் இப்போது வட்டியோடு பதில் வந்துவிட்டது என்று. சந்திரம்மா இன்னும் போகாமல் இருந்தால் இந்தக் கடிதத்தை மடிக்கும் முன்னே கிளம்பச் சொல்.

நீ அந்தக் குட்டி பக்கமே போகலை, அந்த மட்டும் பெருமாள் காப்பாற்றினார்.

ஆராவமுதன்

*

அருவங்காடு
25-6-1953

ருக்குவுக்கு ஆசீர்வாதம். ஒரு மாசத்துக்கு மேலாகிறது, ஒரு வரி இல்லை. ஜூன் ஆரம்பத்தில் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. மாப்பிள்ளைக்கு ஏதாவது தலைவலி, ஜுரம், கையில் மரமரப்பு உண்டா? இருந்தால் மறைக்காமல் எழுது. சந்திரம்மா ஊசி போட்டுக்கொண்டாளா என்றும் எழுது. அவளை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. யாரோ ஒருத்திக்காக நான் ஏன் இப்படி ஆகிறேன் என்று எனக்கே தெரியலை.

ஆராவமுதன்

*

மல்லேசுவரம், பெங்களூர்
2-7-1953

ஸ்ரீமான் ஆராவமுதனுக்கு அனந்தபத்மநாபன் எழுதியது. இங்கு யாவரும் க்ஷேமம் என்று எழுதுவதுதான் வழக்கம், அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் திருத்தின காகிதத்தைக் காட்டினார்கள். தாங்கள் அன்று அழுத்தி எழுதியிராவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

ருக்கு எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று நாளைக் கடத்துகிறாள். தங்கள் மே மாதக் கடிதம் வந்ததிலிருந்து அவள் சரியாக இல்லை. இளைத்துவிட்டாள். விடிவதற்கு முன்னே எழுந்து குழாயடியில் டம்ளரோடு நிற்கிறாள். கேட்டால், தாகம் என்கிறாள். எனக்காகப் பயப்படுகிறாள் போலிருக்கிறது, தாங்கள் நாலு வார்த்தை தைரியம் எழுதவும்.

சந்திரம்மாவைப் பற்றித் தாங்கள் விசாரித்திருப்பது எனக்கு விளங்கவில்லை. அவர்கள் ஜாகையைக் காலி பண்ணிக்கொண்டு சங்கராந்தியன்றே அத்திபெலேக்குப் போய்விட்டார்கள். நாய் கடித்தது மாசியில். அந்தப் பக்கத்துக் குடித்தனம் இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது.

அனந்தபத்மநாபன்

*

அருவங்காடு
5-7-1953

ருக்கு,

க்ஷேமம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் தந்தி மாப்பிள்ளைக்கு வந்திருக்கும். "ருக்குவையும் அந்த நாய் கடித்தது. இன்றே ஊசி ஆரம்பிக்கவும். புறப்பட்டு வருகிறேன்." அவ்வளவுதான் அதில். நீ ஐந்து மாசம் கட்டிக் காத்ததை நான் ஒரே தந்தியில் உடைத்துவிட்டேன். கோபித்துக்கொள், உயிரோடு இருந்து கோபித்துக்கொள்.

அந்தக் குட்டிக்கு மோருஞ்சாதம் உசிரு என்று முதல் கடிதத்திலேயே எழுதினாய். தெருநாய்க்கு எது உசிரு என்று உனக்கு எப்படித் தெரியும்? ஊரார் அனுப்புகிற மூளையெல்லாம் சீவிப் பார்க்கிறேன், கூடப்பிறந்தவள் எழுதினதைப் படிக்கத் தெரியலை எனக்கு. கடைசியில் அந்தப் பொட்டு தெரிந்ததை ஏதோ பண்டிகைச் சேதி மாதிரி உனக்கே எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு நீ எப்படி இருந்திருப்பாய்.

நாளை மத்தியான ரயில்.

அண்ணா

*

மல்லேசுவரம்
10-8-1953

அண்ணாவுக்கு ருக்கு நமஸ்காரம். நீ பத்திரமா ஊர் போய்ச் சேர்ந்த கார்டு வந்துது. எனக்கும் பதினாலு ஊசியும் ஆச்சு. வயிறு இன்னும் வலிக்கறது, குனிஞ்சு கோலம் போட முடியலை.

நீ இருந்த நாள் முழுக்க என்னை ஒரு வார்த்தை கேட்கலை. அதனாலே நானே சொல்றேன். மாசாமாசம் மூணு நாள் நான் கொல்லை அறையிலே ஒதுங்கி இருக்கணும், உனக்குத் தெரியும். இவர் சமைச்சுத் தட்டை வாசப்படியிலே வெச்சுட்டு முகத்தைத் திருப்பிண்டு போவார். யாரும் கிட்டே வரமாட்டா, பேசமாட்டா. பேச்சுத் துணைக்கு இருந்த சந்திரம்மாவும் போயிட்டாள். அப்போதான் அந்தக் குட்டி வந்துது. அதுக்குத் தீட்டு எல்லாம் தெரியாது, அண்ணா. மடியிலே தலையை வெச்சுண்டு படுத்துக்கும். பாதி மோருஞ்சாதத்தை அதுக்குத்தான் போடுவேன். மாசியிலே ஒருநாள் அது ஒரு மாதிரி இருந்துது, கூப்பிட்டா வரலை. நான் எழுந்து போறச்சே குதிகாலைப் பிடிச்சுது. ரெண்டு நாள் கழிச்சு இவரை.

யார் சோறு போட்டதுன்னு இவர் கத்தினபோது நான் வாசப்படிக்கு அந்தண்டைதான் நின்னுண்டிருந்தேன். கடிபட்டதைச் சொன்னா சோறு போட்டதையும் சொல்லணும். என்னாலே இவருக்கு இப்படி ஆச்சேங்கற பயத்திலே மறைச்சுட்டேன். அப்புறம் பொட்டு இல்லைன்னு நீ எழுதினே, அதைக் கெட்டியாப் பிடிச்சுண்டேன். உன் மே மாசக் கடுதாசியைப் படிச்ச அன்னிக்கு இனிமே போயும் பிரயோஜனமில்லைன்னு நினைச்சுண்டுட்டேன். சாவைவிட, அதுக்கு முன்னாடி இவருக்குத் தெரிஞ்சுடுமேன்னுதான் பயமா இருந்துது. எத்தனை அசடு பார்த்தியா.

தந்தியைப் படிச்சுட்டு இவர் நேரே என்கிட்டே வந்தார். திட்டப் போறார்னு நினைச்சேன். "எந்தக் கால்?"னு மாத்திரம் கேட்டார். ஜட்கா வண்டி கூட்டிண்டு வந்தார். வழியிலே, என் முகத்தைப் பார்க்காம, "அந்த அறையிலே உன்னைத் தனியா உட்கார வெச்சது நான்தானே"ன்னார்.

உனக்குச் சமையலறையிலே இலை போட்டுத் தன் கையாலே பரிமாறினாரே, அதை நான் பார்க்கக் கிடைச்சுது. போன மாசமும் நான் கொல்லை அறைக்குப் போகலை. இவரே வேண்டாம்னுட்டார்.

ஒண்ணு கேட்கிறேன். இந்தத் தடவை சந்திரம்மா கேட்கலை, நான் கேட்கிறேன். ஊசி போட நாளாயிடுத்தே, நான் பிழைச்சுண்டேனா?

ருக்கு

*

அருவங்காடு
19-8-1953

ருக்குவுக்கு ஆசீர்வாதம்.

எனக்குத் தெரியாது அம்மா. நாலு நாளாக வேறு பதில் யோசித்துப் பார்த்தேன், வரலை. முன்னாலேயே போட்டிருந்தால் தைரியமாக எழுதியிருப்பேன். நாளாகியும் போட்டுக்கொண்டது போடாததைவிட எத்தனையோ மேல். பல் பட்டவர்கள் எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை என்பார்கள். பெரும்பாலும் என்பதை நான் அடிக்கப் போவதில்லை, உன்னிடம் மழுப்ப இனி மனசு வராது.

நான் பார்க்கிறதெல்லாம் செத்ததுக்கு அப்புறம். உயிரோடு இருக்கிறவாளுக்குள்ளே பார்க்க என்னிடம் கண்ணாடி இல்லை. அதனால் நீதான் எழுத வேண்டும். வாரம் ஒரு கார்டு போடு. வேறு சேதி வேண்டாம், கார்த்தாலே தண்ணி குடித்தாயா என்று மட்டும்.

அண்ணா

*

மல்லேசுவரம்
18-2-1954

அண்ணாவுக்கு ருக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். கார்டிலே குடிச்சேன், குடிச்சேன்னு எழுதி எழுதி எனக்கே அலுத்துப்போச்சு, தபால்காரருக்கும் மனப்பாடம் ஆயிருக்கும். இன்னிக்குக் கொஞ்சம் பெரிசா எழுதறேன்.

நீ சொன்ன வருஷம் போன வாரத்தோட ஆயிடுத்து. இவர்கிட்டே சொன்னேன். தலையை ஆட்டிண்டார், பஞ்சாங்கத்தை எடுத்துத் தானும் ஒருதரம் பார்த்துண்டார். இனிமே விட்டுடலாமேன்னேன். சரின்னார்.

மறுநாள் கார்த்தாலே எழுந்து வந்தா, வழக்கம் போல எனக்கு முன்னாடியே எழுந்து ரெண்டு டம்ளர்லே தண்ணி விட்டு வெச்சிருக்கார். இன்னிக்கும் அப்படித்தான். எதிரும் புதிருமா நின்னுண்டு குடிக்கிறோம். தன் டம்ளரை அவர் பார்க்கறதே இல்லை, பாதி சட்டையிலே கொட்டிக்கறார். என் தொண்டையையே பார்த்துண்டு நிக்கறார். இறங்கினப்புறம்தான் குளிக்கப் போறார்.

ருக்கு